வீடு சந்திப்பு யார் பொறுப்பு? டர்பன் தமிழ்ச் சபைகளுக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

“பாஸ்டர் முன்னைப்போல வீட்டுக்கு வருவதில்லை” என்ற குறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் அடிக்கடி காதில் விழுவது. பெரும்பாலும் அது போதகரின் குறை அல்ல, ஊர் விரிந்துபோனதன் விளைவு. நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் துரத்தப்பட்ட மக்களுக்காக 1960களின் தொடக்கத்தில் சாட்ஸ்வர்த்தும், 1976 முதல் பீனிக்ஸும் எழுந்தபோது, ஒரு சபையின் மக்கள் நடக்கிற தூரத்துக்குள்ளேயே இருந்தார்கள். போதகர் ஒரு தெருவில் நுழைந்தால் நாலு வீடு பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் வெருலம், டொங்காட், மவுண்ட் எட்ஜ்கோம்ப், உம்லாங்கா என்று சிதறி, காவலாளி நிற்கும் வளாகங்களுக்குள் இருக்கிறார்கள். பெற்றோர் பழைய வீட்டில் தனியே இருக்கிறார்கள். நடந்து செய்த ஊழியத்தைக் காரில் செய்ய வேண்டியிருக்கிறது. வாரத்தின் மாலைகளோ கூடவில்லை.

ஆகவே “சந்திப்பை நவீனமாக்குவது” என்று சபைக்குழு பேச உட்காரும்போது நான்கு வழிகள் மேசைக்கு வருகின்றன. போதகரே போவது, பகுதி பிரித்து மூப்பர்களிடமும் பொறுப்பாளர்களிடமும் கொடுப்பது, வீட்டுக் கூடுகைகளாகச் சபையைப் பிரிப்பது, தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் பார்த்துக்கொள்வது. எது பழசு, எது புதுசு என்று ஒப்பிட்டால் பேச்சு முடியாது. இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் அது எத்தனை நாளில் சபைக்குத் தெரிகிறது? தெரிந்தபிறகு எத்தனை நாளில் ஒருவர் அந்த வாசலில் நிற்கிறார்? இந்த இரண்டையும் குறைக்கிற முறையே நல்ல முறை.

போதகர் மட்டும்

முதலில் கணக்குப் போடுவோம். 80 குடும்பமுள்ள சபை. போதகர் வாரத்தில் 3 மாலை, மாலைக்கு 2 வீடு போகிறார் என்றால் வாரம் 6 வீடு, 14 வாரத்தில் ஒரு சுற்று முடியும். தாளில் வருடத்துக்கு மூன்றரைச் சுற்று. நடப்பில் அப்படி வராது. ஒரு சாவு விழுந்தால் அடக்கம் வரை ஒவ்வொரு இரவும் துக்க வீட்டில் ஜெபக்கூட்டம், அந்த வாரம் போய்விடும். லெந்து நாட்கள், கிறிஸ்துமஸ் மாதம், மாநாடு, அவருடைய சொந்த விடுமுறை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 30 வாரம், 180 சந்திப்பு. அதிலும் மூன்றில் ஒரு பங்கு ஆர். கே. கான் மருத்துவமனைக்கும் படுக்கையிலுள்ள அதே சில வீடுகளுக்கும் போகும். மிச்சம் 120. அதாவது ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒன்றரை முறை. எவ்வளவு உழைத்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது.

நேரப் பற்றாக்குறையைவிடப் பெரிய சிக்கல், அந்த 120 எங்கே போகிறது என்பது. கூப்பிடுகிறவர் வீட்டுக்கும், வழியில் உள்ள வீட்டுக்கும், குழுவில் குரல் உள்ளவர் வீட்டுக்கும்தான் அது தானாகப் போய்ச் சேரும். பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் விதவைத் தாய் கூப்பிட மாட்டார், யாரும் அவரைப் பற்றிக் குறை சொல்லவும் மாட்டார்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விசாரணையில் விடுபட்டதும் இதே விதமாகத்தான். அதற்கு அப்போஸ்தலர் கண்ட வழி தாங்கள் கூடுதலாக ஓடுவது அல்ல, 7 பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தது (அப்போஸ்தலர் 6).

ஆனாலும் போதகரே போக வேண்டிய வீடுகள் உண்டு: மரணப் படுக்கை, துக்க வீடு, படுக்கையில் இருப்பவருக்குத் திருவிருந்து, உடையப்போகிற திருமணம், புதிதாகச் சபைக்கு வந்த குடும்பம். இந்த ஐந்துக்கும் அவரை விடுவிப்பதே மற்ற ஏற்பாடுகளின் நோக்கம். 40 குடும்பத்துக்குக் குறைவான சபைக்கு இந்த முதல் வழியே போதும், ஒரு நிபந்தனையோடு: போன தேதியைக் குறிக்கும் பதிவேடு இருக்க வேண்டும்.

பகுதிப் பொறுப்பாளர்கள்

இது புது யோசனை அல்ல. மோசேக்கு அவர் மாமனார் பத்துப் பேருக்கு ஒரு தலைவன் என்று சொன்ன ஆலோசனை யாத்திராகமம் 18-இல் இருக்கிறது. மெதடிஸ்டு சபைகளின் ‘வகுப்பு’ முறை 1742-இல் பிரிஸ்டலில் தொடங்கியது. தொடங்கிய காரணம் கவனிக்கத்தக்கது: ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, சுமார் 12 பேருக்கு ஒருவர் வாரம் ஒரு பென்னி வாங்க வீடு வீடாகப் போனார். போனவர்கள் காசோடு செய்தியும் கொண்டுவந்தார்கள்: இந்த வீட்டில் நோய், அந்த வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் சண்டை. மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு மேய்ப்புப் பணிக்கான அமைப்பாக மாற்றினார். ஒருவர் ஒழுங்காக ஒரு வாசலுக்குப் போனாலே செய்தி வந்துவிடும் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள். தென்னாப்பிரிக்க மெதடிஸ்டுகளிடையே வகுப்புத் தலைவர் என்ற பொறுப்பு இன்றும் உண்டு.

80 குடும்பத்தை 8 பகுதியாகப் பிரியுங்கள். குடியிருக்கும் இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சொந்தக்காரர்களை ஒன்றாகப் போட்டால் பங்காளிச் சண்டை வரும் நாளில் பொறுப்பாளரே ஒரு கட்சியாகிவிடுவார். ஒரு பகுதிக்கு 2 பேர், கணவன் மனைவியாகவோ இரண்டு பெண்களாகவோ இருக்கலாம். தனி ஆளாக யாரும் போகக்கூடாது. கணவர் வேலைக்குப் போன நேரத்தில் பெண் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்கள் இருவர் போய் நிற்பதும் கூடாது. ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு நேரடிச் சந்திப்பு, இடைப்பட்ட மாதங்களில் ஒரு தொலைபேசி அழைப்பு. 10 குடும்பம் என்றால் வருடத்துக்கு 40 சந்திப்பு, வாரத்துக்கு ஒன்றுகூட ஆகாது. வேலைக்குப் போகிறவரும் தாங்கக்கூடிய சுமை இது. 15 குடும்பம் கொடுத்தால் ஆறாம் மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள்.

சந்திப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பொறுப்பாளர் இருவரோடும் போதகர் கூடவே போய்க் காட்டித்தான் கற்றுக்கொடுக்க முடியும். முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். வளாகத்தில் இருப்பவர்கள் வாயிற்காவலில் பெயர் கொடுக்கவோ நுழைவு எண் அனுப்பவோ வேண்டியிருக்கும். சொல்லாமல் போனால் வாசலிலேயே அரை மணி கழியும். டர்பனில் ஜூன், ஜூலையில் மாலை 5 மணி தாண்டியதும் இருட்டிவிடும், அதனால் குளிர்கால வார நாள் சந்திப்பை விட்டுவிட்டுச் சனி பிற்பகல் 3 மணிக்கு மாற்றுவது பாதுகாப்பு. உட்கார்ந்ததும் வேதத்தைத் திறக்கக்கூடாது. முதல் 20 நிமிடம் கேட்பதற்கு. “சுகமா இருக்கீங்களா” என்ற கேள்விக்கு “கர்த்தர் கிருபையால சுகம்” என்ற பதில்தான் வரும், அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. “அம்மாவுக்கு இந்த மாச மருந்து யார் போய் வாங்கிட்டு வர்றாங்க?”, “மகனுக்கு ஷிஃப்டு மாறிடுச்சா?” என்று வீட்டு நடப்பைத் தொட்டுக் கேட்டால் கதவு திறக்கும். பிறகு ஒரு சிறு பகுதி வாசிப்பு, சொன்ன விஷயத்தையே பெயர் சொல்லி ஒரு ஜெபம். 40 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். பெரியவர்கள் விரும்பினால் ஒரு கீர்த்தனை.

இங்கே பல வீடுகளில் மருமகள் கிறிஸ்தவர், மாமியார் இந்து, அல்லது ஒரு பிள்ளை மட்டும் சபைக்கு வருபவர். அங்கே போகிறவர் வீட்டுப் பெரியவரை முதலில் கும்பிட்டு நலம் விசாரிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புரட்டாசியில் அந்த வீட்டில் கவிச்சி இருக்காது என்பது தெரிந்து, கையில் கொண்டுபோகும் பலகாரத்தையும் அதற்கேற்ப எடுத்துப் போக வேண்டும். பெரியவரை மதிக்காத ஒரு சந்திப்பு, அந்த மருமகளுக்கு அடுத்த மூன்று மாதத்தைக் கஷ்டமாக்கிவிடும்.

இந்த முறை கெட்டுப்போகும் வழிகள் மூன்று. முதலாவது, வாய். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் ஜெபக்குறிப்பாகச் சொல்வதும் புறங்கூறுதலே. ஒரே ஒரு முறை நடந்தாலும் அந்தப் பகுதியில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். இரண்டாவது, பொறுப்பு ஆயுள் பதவியாவது. 2 வருடம் என்று முதலிலேயே எழுதிவையுங்கள், விரும்பினால் நீட்டிக்கலாம். மூன்றாவது, செய்தி மேலே போகாமல் நிற்பது. பொறுப்பாளர் தானே தீர்க்கப் பார்த்து இரண்டு மாதம் கடத்திவிடுவார். சாவு, மருத்துவமனை, அடிதடி, வேலை போனது, தற்கொலைப் பேச்சு ஆகியவை அன்றே போதகருக்குப் போக வேண்டும்.

இரகசியம் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பயிற்சியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, குழந்தை அடிக்கப்படுகிறது, பாலியல் துன்பத்துக்கு ஆளாகிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பும் மத ஊழியர் அதை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. குடும்ப மானம் என்று மூடிவைக்கச் சபைக்கு உரிமை இல்லை. வாலிபர், சிறுவர் நடுவே பொறுப்பெடுப்பவரின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில், அதாவது குழந்தைகளோடு பணிபுரியத் தகாதவர்களின் பட்டியலில், இல்லை என்று சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

வீட்டுக் கூடுகை

டர்பன் அமைந்த நேட்டால் பகுதித் தமிழருக்கு இது புதிதல்ல. பல சபைகள் வீட்டுக் கூடங்களிலும் கூடாரங்களிலும்தான் பிறந்தன. “காட்டேஜ் மீட்டிங்” என்றால் இன்றும் பெரியவர்களுக்கு முகம் மலரும். சியோலில் போதகர் யோங்கி சோ 1964-இல் உடல் நலிந்தபோது சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரித்துப் பெரும்பாலும் பெண்களிடம் ஒப்படைத்தது உலகெங்கும் முன்மாதிரியானது.

ஐக்கியத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சந்திப்புக்கு இது மாற்று ஆகாது, இதைத்தான் பல சபைகள் குழப்பிக்கொள்கின்றன. கூடுகைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே ஒட்டியிருப்பவர்கள். கஷ்டத்தில் இருக்கிறவர் முதலில் செய்வதே வராமல் இருப்பதுதான். வராதவரை மறுநாள் யார் கூப்பிடுவார் என்று பெயர் எழுதிவைக்காத கூடுகை, முதல் கேள்வியிலேயே தோற்கிறது.

நடைமுறையில் 12 முதல் 15 பேர், பிள்ளைகள் தனி. சாட்ஸ்வர்த் வீட்டு முன்னறையில் அதற்கு மேல் ஆள் உட்கார முடியாது. ஒன்றரை மணி நேரம்: பாட்டு 15 நிமிடம், வேதம் 30, பகிர்தலும் ஜெபமும் 30, தேநீர் 15. தேநீரில்தான் வினை தொடங்கும். முதல் வீட்டில் ரஸ்க்கும் டீயும். அடுத்த வீட்டில் சமூசா. நாலாம் வாரம் பிரியாணி. ஆறாம் வாரத்தில், வாரக்கூலி வாங்கும் குடும்பம் “எங்க வீட்ல வசதி இல்ல பாஸ்டர்” என்று ஒதுங்கிக்கொள்ளும், பிறகு வருவதையும் நிறுத்தும். தேநீரும் ஒரு பலகாரமும் தவிர எதுவும் கூடாது என்ற விதியைச் சபைக்குழு முதல் நாளே அறிவித்தால் யாருக்கும் சங்கடமில்லை. சமைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆலயத்தில் அன்பின் விருந்து வையுங்கள்.

மொழியும் ஒரு முடிவு கேட்கிறது. பாட்டி தமிழில் அழுது ஜெபிக்கிறவர், பேரனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தமிழ்க் குழு, ஆங்கிலக் குழு என்று பிரித்தால் வசதிதான், ஆனால் வீடே இரண்டாகிவிடும். பாட்டுத் தமிழில், பாட்டுத்தாளில் தமிழ் எழுத்தோடு ஆங்கில எழுத்திலும் அதே வரி, வேதம் இரு மொழியிலும் வாசிப்பு, பகிர்தல் அவரவர் மொழியில் என்று ஒரே கூடத்தில் வைத்தால் தாத்தா பாட்டி சொல்வதைப் பிள்ளைகள் கேட்கும் ஒரே இடமாக அது இருக்கும். இதற்காகக் கொஞ்சம் மெதுவாகப் போவதில் தவறில்லை.

தொலைபேசியும் வாட்ஸ்அப்பும்

2020 மார்ச் இறுதியில் நாடு முழுதும் அடைபட்டபோது எல்லாச் சபையும் இதைக் கற்றுக்கொண்டது. செய்தி பரவ இதைப்போல வேகம் வேறு எதற்கும் இல்லை. ஆனால் செய்தி சொல்லும் கருவியும் விசாரிக்கும் கருவியும் ஒன்றல்ல. குழுவில் “ஜெபிக்கிறோம்” என்று 60 கைகூப்பிய படங்கள் விழுந்த வீட்டுக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரும் வேறொருவர் போயிருப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

சில நுணுக்கங்கள். சபை முழுதுக்கும் ஒரே குழு வைத்தால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், விளம்பரமும் அரசியலும் உள்ளே வரும். அறிவிப்புக் குழுவில் நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். “எனக்கு வரவே இல்லை” என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். இலவச ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், அதற்குள் ஜெபத்தை முடிக்கப் பாருங்கள். முன்பணச் சிம் மாற்றுகிறவர்கள் நிறைய, ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை எண்களைச் சரிபார்க்க வேண்டும்.

மூத்தவர்களுக்கு வாட்ஸ்அப்பைவிடச் சாதாரண அழைப்பே நல்லது. பேசக் காசு இல்லாதவருக்கு இந்த நாட்டில் அருமையான ஒரு வசதி இருக்கிறது: ‘ப்ளீஸ் கால் மீ’ என்ற இலவசக் குறுஞ்செய்தி. சபைக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி, அதை ஒவ்வொரு வாரமும் ஒரு பொறுப்பாளர் கையில் வைத்து, ‘ப்ளீஸ் கால் மீ’ வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப அழைப்பது என்று முடிவு செய்யுங்கள். எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மூத்தவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, அந்தச் செய்தியை எப்படி அனுப்புவது என்று உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள். முதல் கேள்விக்கு இவ்வளவு மலிவான பதில் வேறில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ‘போப்பியா’ 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டாயமானது. மத நம்பிக்கை அதில் சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். தன் அங்கத்தினரின் மதத் தகவலைச் சபை வைத்துக்கொள்ள 28-ஆவது பிரிவு இடம் தருகிறது, வெளியாருக்கு அவர் சம்மதமின்றிக் கொடுக்க இடமில்லை. உடல்நலத் தகவலுக்கோ சபைக்கென்று அப்படிப்பட்ட விலக்கு இல்லை. “சகோதரிக்குப் புற்றுநோய், ஜெபியுங்கள்” என்று குழுவில் போடுமுன் அந்தச் சகோதரியின் சம்மதம் வாங்கியாக வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம். சட்டம் இருக்கட்டும், தன் நோயை மருமகள் வீட்டார் வாட்ஸ்அப்பில் படித்துத் தெரிந்துகொள்ளும் வேதனை போதாதா?

மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் நின்றுபோகும் நாளில் இந்த வழி அப்படியே நின்றுவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் பக்கம் குடிநீர் நிலையமே சேதமாகி மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் போனது. அப்படிப்பட்ட நாளில் யார் வீட்டில் படுக்கையாளி, யாரால் வாளி தூக்க முடியாது என்று தெரிந்தவர், கையில் தாளில் எழுதிய பட்டியலோடு அதே தெருவில் இருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

60 முதல் 150 குடும்பம் வரையுள்ள சபைக்கு இரண்டாவது வழிதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தெளிவான கருத்து. கூடுகையை அதே பகுதி எல்லைகளுக்குள் மாதம் இருமுறை வையுங்கள், அப்போது வராதவரை அறிந்தவரும் விசாரிப்பவரும் ஒருவரே ஆவார். தொலைபேசி இரண்டுக்கும் வேலையாள். போதகர் முன்பு சொன்ன அந்த ஐந்து வகை வீடுகளுக்கு.

விலை கொடுத்து மென்பொருள் வாங்கித் தொடங்க வேண்டாம். முதல் மாதம் முழுதும் பதிவேட்டுக்கே போகட்டும். ஒரு விரிதாளில் 8 பத்தி: குடும்பப் பெயர், முகவரி, எண்கள், பிறந்தநாளும் மணநாளும், வீட்டில் பேசும் மொழி, பகுதி, கடைசியாகச் சந்தித்த தேதி, அடுத்து யார் போவது. நோய், சண்டை, கடன் எதுவும் அதில் ஏறக்கூடாது, அவை போதகரின் பூட்டிய குறிப்பேட்டுக்குரியவை. பொறுப்பாளர் தம் பகுதியை மட்டும் பார்க்கும்படி தனித்தாளாகக் கொடுங்கள், மாதம் ஒருமுறை அச்செடுத்த பிரதியோடு. இரண்டாம் மாதம் நாலு மாலைப் பயிற்சி, பிறகு ஒவ்வொரு இணையோடும் போதகர் இரண்டு வீடு கூடவே போவது. மூன்றாம் மாதம் இரண்டு பகுதியில் மட்டும் தொடங்கிப் பார்த்து, நாலாம் மாதம் மற்றவற்றுக்கு விரியுங்கள். எட்டையும் ஒரே ஞாயிறு அறிவித்துத் தொடங்கினால், ஆள் கிடைக்காத பகுதியின் மக்கள் தாங்கள் கைவிடப்பட்டதாக நினைப்பார்கள்.

துக்க வீட்டுக்குத் தனி அட்டவணை வேண்டும். அடக்கம் வரை கூட்டம் இருக்கும், அதன்பின் சொந்தக்காரர் ஊர் திரும்புவார்கள், சமையலறை அமைதியாகும். இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், இறந்தவரின் பிறந்தநாள், முதல் ஆண்டு நினைவு: இந்த நாலு தேதியையும் அடக்கம் முடிந்த மறுநாளே பதிவேட்டில் போட்டுவிடுங்கள்.

ஆறாம் மாதம் சபைக்குழு கூடும்போது மொத்தம் எத்தனை சந்திப்பு என்று கேட்காதீர்கள், அந்த எண் எப்போதும் நன்றாகவே இருக்கும். ‘கடைசியாகச் சந்தித்த தேதி’ பத்தியைப் பழைய தேதி மேலே வரும்படி வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் 5 பெயரை மட்டும் வாசியுங்கள். அந்த ஐவரின் வீட்டுக்கு யார், எந்தக் கிழமை போகிறார் என்று எழுதிய பிறகே அடுத்த பொருளுக்குப் போங்கள்.